துண்டு போட்டு வைத்த டாக்டர் சீட்!



தீபாவளி சமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறீர்களா? பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே சிலர் ஜன்னல் வழியாகத் துண்டையோ, பையையோ சீட்டில் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் நிதானமாக ஏறி உட்காருவார்கள். ‘துண்டு போட்ட சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது’ என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனாலும், முக்கால்வாசிப் பேர் அதை மதிக்கத்தான் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் காலேஜ் சீட்டுக்கே இப்படித் துண்டு போடலாம், தெரியுமா? அதுவும் சாதாரண சீட் இல்லை. மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் படிக்கப் போகிற டாக்டர் பட்டத்துக்கான சீட்! பள்ளிக்கூடத்தில் 12-ம் வகுப்பு படிக்கும்போதே, ‘இந்த இடம் உனக்குத்தான்’ என்று எழுத்து மூலமாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்குள்ள பல கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பிசியோதெரபி படிப்புக்கு இப்படி முன்கூட்டியே இடம் ஒதுக்குகின்றன.

‘அட, ஜாலியாக இருக்கிறதே! அப்புறம் படிக்கவே வேண்டாமே’ என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

மருந்துச் சீட்டு எழுதாத டாக்டர்

ஒரு பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்பவர் எலும்பு டாக்டர். ஆனால், பாட்டியைக் கட்டிலைவிட்டு எழுப்பி, வாக்கரைப் பிடிக்க வைத்து, ‘பயப்படாதீங்கம்மா, இந்தக் காலை எடுத்து வைங்க’ என்று முதல் அடி நடக்கச் செய்பவர் பிசியோதெரபிஸ்ட்.

பந்து வீசி வீசித் தோள்பட்டை வலிக்கும் விளையாட்டு வீரர், பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துபோன தாத்தா, தாமதமாக நடக்க ஆரம்பிக்கும் குழந்தை... இவர்கள் எல்லோருக்கும் இவருடைய உதவி வேண்டும். பொதுவாக இவர் மருந்து எழுதித் தர மாட்டார். ஆபரேஷனும் செய்ய மாட்டார். உடற்பயிற்சிதான் இவருடைய மருந்து!

நம் ஊரில் பிளஸ் 2 முடித்ததும் பி.பி.டி. என்ற பட்டப்படிப்பில் சேர்ந்து பிசியோதெரபிஸ்ட் ஆகலாம். அமெரிக்காவில் வழி வேறு. முதலில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. அது 4 ஆண்டு. அதற்குப் பிறகு ‘டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி’ என்ற படிப்பு. அது சுமார் 3 ஆண்டு. சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள். ஆக மொத்தம் 7 ஆண்டு! 2015-ம் ஆண்டு முடிவோடு, பிசியோதெரபிஸ்ட்டுகளை உருவாக்கும் அமெரிக்கப் படிப்புகள் எல்லாமே டி.பி.டி. அளவில்தான் இருக்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

வரிசையில் நிற்பவர்கள் பாடு

சாதாரணமாக இந்த டி.பி.டி.க்கு எப்படி இடம் கிடைக்கும்?

பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் மாணவர்கள் விண்ணப்பம் போடுவார்கள். மார்க் நன்றாக இருக்க வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், உடற்கூறியல் போன்ற பாடங்களை முடித்திருக்க வேண்டும். மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ போய், ஒரு பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் பல இடங்களில் கேட்பார்கள். எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதற்குக் கணக்கு உண்டு! பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். ‘நான் ஏன் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறேன்’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். பல இடங்களில் நேர்முகத் தேர்வும் இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருவரே பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பார். பதில் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும்!

இந்தத் தவிப்பைக் குறைக்கத்தான் முன்கூட்டியே உறுதி தரும் சேர்க்கை வந்தது. பள்ளி முடிக்கும்போதோ, கல்லூரி முதல் ஆண்டிலோ நல்ல மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ‘நாங்கள் சொல்லும் நிபந்தனைகளை நீ நிறைவேற்று, டி.பி.டி.யில் உனக்கு ஓர் இடம் நிச்சயம்’ என்று பல்கலைக்கழகம் வாக்குக் கொடுக்கிறது.

சில இடங்களில் இன்னொரு சலுகையும் உண்டு. முதல் படிப்பை 4 ஆண்டுக்குப் பதில் 3 ஆண்டிலேயே முடித்துக்கொண்டு டி.பி.டி.க்குத் தாவிவிடலாம். டி.பி.டி.யின் முதல் ஆண்டுப் பாடங்களையே பட்டப்படிப்பின் கடைசி ஆண்டாகவும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 3-ம் 3-ம் சேர்ந்து 6. ஓர் ஆண்டு மிச்சம்!

இது காய்கறி மார்க்கெட் இல்லை!

ஓர் உதாரணம் பார்ப்போமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1881-ம் ஆண்டு தொடங்கப்பட்டது மார்க்கெட் பல்கலைக்கழகம்.

மார்க்கெட் என்றதும் கத்தரிக்காய், வெண்டைக்காய் ஞாபகம் வருகிறதா? அது இல்லை! 1673-ம் ஆண்டு சின்னப் படகில் மிசிசிப்பி ஆற்றை ஆராயப் போனார் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். அவர் பெயர் ழாக் மார்க்கெட். அவர் நினைவாகத்தான் இந்தப் பெயர்.

இதைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள். சென்னையில் லயோலா கல்லூரி இருக்கிறதே, அதை 1925-ம் ஆண்டு தொடங்கியதும் இதே இயேசு சபைதான்!

மார்க்கெட் பல்கலைக்கழகத்தில், பள்ளி முடித்து வரும் மாணவர்களை முதல் ஆண்டிலேயே பிசியோதெரபி வழியில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. ஒழுங்காகப் படித்தால் 6 ஆண்டில் டி.பி.டி. பட்டத்தோடு வெளியே வரலாம்.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்றால் கிறிஸ்தவர்கள் மட்டும்தான் படிக்கலாமா? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மார்க்கெட் போன்ற இடங்களில் எந்த மதத்தைச் சேர்ந்தவரும் சேரலாம். வேறு சில பல்கலைக்கழகங்களில் எல்லா மாணவர்களும் பைபிள் பாடம் படிக்க வேண்டும். வாரந்தோறும் வழிபாட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டும். இன்னும் சில, கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன. சேருவதற்கு முன்பே இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது மாணவர் பொறுப்பு.

துண்டு எப்போது கீழே விழும்?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டோம். வாக்குக் கொடுத்தாயிற்று. இனி கவலை இல்லை என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாமா? கூடவே கூடாது!

அமெரிக்கக் கல்லூரிகளில் மார்க்கை ஜி.பி.ஏ. என்று 4-க்குக் கணக்கிடுவார்கள். ஏ கிரேடு என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. எல்லாப் பாடங்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். இடம் ஒதுக்கிய பல்கலைக்கழகம், ‘சராசரி இந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது’ என்று ஒரு கோடு போட்டுவிடும். பெரும்பாலும் 3 அல்லது அதற்கு மேல். அறிவியல் பாடங்களுக்குத் தனியாக இன்னொரு கோடு போடும் இடங்களும் உண்டு.

இதோடு முடியவில்லை. சொன்ன பாடங்களைச் சொன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும். நடத்தை விதிகளை மீறக் கூடாது. சில இடங்களில் நேர்முகத் தேர்வும் உண்டு.

கோட்டுக்குக் கீழே இறங்கினால்? ஒதுக்கி வைத்த இடம் போய்விடும். சில இடங்களில் சரிசெய்துகொள்ள ஒரு வாய்ப்புத் தருவார்கள். இல்லையென்றால் மற்றவர்களோடு சேர்ந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதாவது, உறுதி என்பது ஒருவர் மட்டும் கொடுப்பது இல்லை. கயிற்றின் ஒரு முனையைப் பல்கலைக்கழகம் பிடித்திருக்கிறது. மறுமுனை மாணவர் கையில். மாணவர் விட்டால் கயிறு விழுந்துவிடும்.

இன்னொரு விஷயம். உறுதி இடத்துக்கு மட்டும்தான், கட்டணத்துக்கு இல்லை! பல தனியார் பல்கலைக்கழகங்களில் டி.பி.டி. படிப்புக்கான கட்டணம் மட்டுமே 1 லட்சம் டாலரைத் தாண்டிவிடும். நிறையப் பேர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். வேலைக்குப் போன பிறகு பல ஆண்டுகள் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஓர் ஆண்டு மிச்சமாவது அங்கே பெரிய விஷயம்!

ஏன் இத்தனை வருடப் படிப்பு?

‘கையை மடக்கு, காலை நீட்டு என்று சொல்வதற்கா இத்தனை படிப்பு?’ என்று கேட்கத் தோன்றுகிறதா?

நம் உடம்பில் 206 எலும்புகள் இருக்கின்றன. தசைகள் 600-க்கும் மேல். எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது, அதற்கு எந்த நரம்பு உத்தரவு போடுகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் வருவார். ஆனால், கோளாறு இடுப்பில் இருக்கும்! ஒருவர் கெண்டைக்கால் வலிக்கிறது என்பார். அது சாதாரணச் சுளுக்காகவும் இருக்கலாம். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோன ஆபத்தாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்து, உடனே டாக்டரிடம் அனுப்பத் தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் மனித உடல்களை வைத்து உடற்கூறியல் படிக்கிறார்கள். இறந்த பிறகு மாணவர்கள் படிப்பதற்காகத் தங்கள் உடலைத் தானமாகக் கொடுத்த நல்ல மனிதர்களின் உடல்கள் அவை. அப்புறம் பல மாதங்கள் மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சி. எல்லாம் முடிந்ததும் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்வு. இதில் மார்க் 200-ல் தொடங்கி 800 வரை போகும். 600 எடுத்தால்தான் பாஸ்! அதற்குப் பிறகுதான் மாநில அரசின் லைசென்ஸ். டாக்டர் பட்டம் கையில் இருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் நோயாளியைத் தொட முடியாது.

இவர்களிடம் ஒரு வேடிக்கையான கருவி இருக்கிறது. பெயர் கோனியாமீட்டர். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் கோணமானி இருக்கிறதல்லவா, அதற்கு இது அண்ணன்! கோணமானியில் இரண்டு கைகளைப் பொருத்தியது போல இருக்கும். அதை மூட்டில் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பார்கள். நல்ல முழங்கால் 135 டிகிரி அளவுக்கு மடங்கும். நாற்காலியில் வசதியாக உட்காரவே சுமார் 90 டிகிரி வேண்டும். ஆபரேஷன் முடிந்த பாட்டிக்கு ‘60, 70, 80’ என்று ஒவ்வொரு டிகிரியும் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த மார்க்!

செய்து பாருங்கள்!

பிசியோதெரபிஸ்ட் நம் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுவார். நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

உயரமான நாற்காலியில் கால் தொங்க உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டுங்கள். பூமியின் ஈர்ப்பை எதிர்த்து முழுவதும் நீட்ட முடிந்தால் 3 மார்க். இப்போது உங்கள் நண்பரைக் கணுக்காலுக்கு மேலே கையை வைத்து மெதுவாகக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். ஓரளவு தாக்குப்பிடித்தால் 4. எவ்வளவு அழுத்தியும் கால் அசையவில்லை என்றால் 5!

அப்படியானால் 0, 1, 2 என்றால் என்ன? கட்டிலில் பக்கவாட்டில் படுத்து, காலைத் தாங்கிப் பிடித்தால் மட்டும் அசைக்க முடிகிறது என்றால் 2. கால் அசையவில்லை, தசையில் ஒரு சின்னத் துடிப்பு மட்டும் தெரிகிறது என்றால் 1. துடிப்பும் இல்லை என்றால் 0.

0-விலிருந்து 1 வந்தாலே அங்கே கொண்டாட்டம்தான்! பூமியின் ஈர்ப்பை வைத்துத் தசையைச் சோதிக்கும் இந்த முறை, 100 ஆண்டுகளுக்கு முன்பு பாஸ்டன் நகரத்தில் போலியோ தாக்கிய குழந்தைகளுக்காக உருவானது. டாக்டர் ராபர்ட் லவெட்டும், அவரோடு வேலை பார்த்த வில்ஹெல்மைன் ரைட் என்ற பெண்மணியும்தான் அதற்குக் காரணம்.

போர்க்களத்தில் பிறந்த படிப்பு

முதலாம் உலகப் போர் நடந்த நேரம். கை, கால்களில் குண்டு பாய்ந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். காயம் ஆறியது, ஆனால், மூட்டுகள் இறுகிப் போய்விட்டன. அவர்களை மறுபடி நடமாட வைக்க ஆள் வேண்டுமே!

1918-ம் ஆண்டு, அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மருத்துவமனையில் இந்த வேலைக்கு முதல் ஆளாகச் சேர்ந்தவர் மேரி மெக்மில்லன். இங்கிலாந்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். போர்ட்லாந்து நகரின் ரீட் கல்லூரியில் நிறையப் பெண்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சி சில மாதங்கள்தான்!

1921-ம் ஆண்டு ஜனவரி 15-ம் தேதி, நியூயார்க்கில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் சுமார் 30 பெண்கள் கூடினார்கள். சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேரி மெக்மில்லன்தான் முதல் தலைவி. அதுதான் இன்று அமெரிக்காவின் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கான பெரிய சங்கமாக வளர்ந்து நிற்கிறது.

அப்புறம் போலியோ காலம். 1952-ம் ஆண்டு மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரை அந்த நோய் தாக்கியது. 1955-ம் ஆண்டு ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பயனுக்கு வந்த பிறகு நோய் வேகமாகக் குறைந்தது. ஆனால், அதற்குள் கால் சூம்பிப்போன குழந்தைகளை யார் நடக்க வைப்பது? பிசியோதெரபிஸ்ட்டுகள்தான்!

வேலை கூடக் கூடப் படிப்பும் நீண்டது. சில மாதப் பயிற்சி பட்டப்படிப்பானது. பிறகு முதுநிலைப் படிப்பானது. கடைசியில் டாக்டர் பட்டம். இந்தத் தொழிலுக்குள் நுழையும் முதல் பட்டமாகவே டி.பி.டி.யை 1993-ம் ஆண்டு தொடங்கியது ஒமாஹா நகரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம். அதுவும் இயேசு சபையினர் தொடங்கியதுதான்!

நடக்க மாட்டாள் என்ற பெண்

டென்னஸி மாநிலத்தில் 1940-ம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பாவின் 22 குழந்தைகளில் அவள் 20-வது! குறை மாதத்தில் பிறந்ததால் எடை சுமார் 2 கிலோதான். சின்ன வயதிலேயே போலியோ தாக்கி, இடது கால் பலமிழந்தது. இரும்புப் பட்டை கட்டித்தான் நடக்க வேண்டும்.

அவர்கள் கறுப்பினத்தவர்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு எல்லா மருத்துவமனைக் கதவுகளும் திறக்காது. அதனால் அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த நாஷ்வில் நகரத்துக்கு வாராவாரம் பஸ்ஸில் போனார். அங்கே கறுப்பின டாக்டர்களை உருவாக்கிய மெஹாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருந்தது. அந்தக் கல்லூரியைத் தொடங்கப் பாடுபட்டவர்கள் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவ சபையினர்.

அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சியை அம்மா வீட்டில் செய்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அண்ணன், அக்காக்கள் முறை வைத்துக்கொண்டு, தினமும் பல தடவை தங்கையின் காலைப் பிடித்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருடக் கணக்காக! 12 வயதுக்குள் அவள் எந்தப் பட்டையும் இல்லாமல் நடந்தாள், ஓடினாள்.

1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கப் பதக்கம் வாங்கினாள். அவர்தான் வில்மா ருடால்ஃப்!

அவருடைய காலுக்கு யாராவது ‘கண்டிப்பாகச் சரியாகிவிடும்’ என்று உறுதி கொடுக்க முடிந்திருக்குமா? முடியாது. பிசியோதெரபி அப்படிப்பட்டது. இன்று செய்த பயிற்சியின் பலன் எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாளைக்கும் செய்ய வேண்டும். சீட்டுக்கு உறுதி கிடைத்த பிறகும் சோம்பாமல் படிப்பவருக்குத்தான் இந்த வேலை பொருந்தும். காரணம், இங்கே நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய முதல் மருந்தே விடாமுயற்சிதான்.

17 வயதில் முடிவெடுக்கலாமா?

கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

ஓர் அக்காவின் தம்பிக்குப் பிறவியிலேயே நடப்பதில் சிரமம். சின்ன வயதிலிருந்தே அவனோடு சிகிச்சைக்குப் போய் வந்திருக்கிறாள். அங்கே நடப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. 17 வயதில் இடம் உறுதியானதும் அவளுக்கு நிம்மதி. மற்றவர்கள் பத்துப் பதினைந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவள் ஊன்றிப் படிக்கிறாள். இந்தத் திட்டம் அவளுக்காகவே செய்தது போல இருக்கிறது.

இன்னோர் அண்ணன். ‘டாக்டர் பட்டம்’ என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவனும் சரி என்றுவிட்டான். இரண்டாம் ஆண்டில் அவனுக்குக் கட்டடம் வரைவதில் ஆசை வந்துவிட்டது. பல இடங்களில் மாணவர் மனம் மாறினால் வேறு படிப்புக்குப் போகத் தடை இல்லை. ஆனால், ‘கையில் இருக்கும் சீட்டை விட்டால் எல்லோரும் என்ன சொல்வார்கள்?’ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்காத வேலையில் வாழ்நாள் முழுவதும் இருக்கப் போகிறவன் அவன். அவனிடம் சிகிச்சைக்கு வரும் பாட்டிகளும் பாவம்!

ஒரே திட்டம்தான். ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குக் கூண்டு! வித்தியாசம் எங்கே? அந்த அக்கா வேலையைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தாள். அண்ணன் முடிவெடுத்துவிட்டுப் பார்த்தான்.

சிகிச்சையைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வரச் சொல்வது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி டாக்டர்

அமெரிக்காவில் வளர்ந்த இந்த மறுவாழ்வுக் கலை நம் ஊருக்கும் வந்த கதை தெரியுமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ம் ஆண்டு ஒரு கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவர் ஓய்ந்து உட்காரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்!

பிறகு நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் பயிற்சி பெற்றார். வேலூருக்குத் திரும்பி, தன்னைப் போல நடக்க முடியாமல் போனவர்களுக்காகத் தனிப் பிரிவைக் கட்டி எழுப்பினார். 1966-ம் ஆண்டு அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. டாக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது. 1972-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஐந்து கேள்விகள்

பிசியோதெரபிதான் என்று இல்லை. பெரியவர்களானதும் எந்தப் படிப்பிலாவது யாராவது உங்களிடம் ‘இடம் நிச்சயம்’ என்று சொன்னால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்த உறுதி எழுத்தில் இருக்கிறதா? என் அப்பா, அம்மா அதைப் படித்துப் பார்த்தார்களா?

2. என்னென்ன நிபந்தனைகள்? எந்த மார்க்குக்குக் கீழே போனால் இடம் பறிபோகும்?

3. உறுதி இடத்துக்கு மட்டுமா, கட்டணத்துக்கும் உண்டா? மொத்தம் எவ்வளவு செலவாகும்?

4. நடுவில் என் மனம் மாறினால் வேறு படிப்புக்குப் போக வழி இருக்கிறதா?

5. இந்த வேலையைச் செய்பவரை நான் ஒரு முழு நாளாவது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேனா?

ஐந்தாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல நீங்கள் 12-ம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கை, கால் பயிற்சி நடக்கும்போது தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘இதை எதுக்குச் செய்றீங்க சார்?’ என்று சிகிச்சை முடிந்ததும் கேளுங்கள். பயிற்சியை மறந்துபோகும் பாட்டிக்கு, ‘பாட்டி, இன்னும் பத்துத் தடவை பாக்கி இருக்கு’ என்று ஞாபகப்படுத்துங்கள்.

போன வாரத்தைவிடப் பாட்டியின் கால் கொஞ்சம் அதிகமாக மடங்குவதைப் பார்க்கும்போது, உங்களுக்குச் சந்தோஷத்தில் துள்ளத் தோன்றுகிறதா? அப்படியானால் ஒருவேளை நீங்களும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டியவர்தான்!

வரட்டுமா குட்டீஸ்!